நாக்பூர் லைனில் நின்றுபோன பேச்சு

3 ஆகஸ்ட் 1959, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையை அண்ணி எடுத்துப் போய்விட்டாள், கேட்கவும் இல்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டம். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போய்ச் சேர்வதற்குள் செருப்பு ஊறிப்போனது. நாள் பூராவும் கால் சில்லென்று.

வெளியூர் கால் போடும் டிரங்க் போர்டில் ஏகக் கெடுபிடி. மெட்ராஸ் லைன் இரண்டு தடவை செத்துப் பிழைத்தது. ஒரு சேட்டு, ‘ஏம்மா, பம்பாய் எப்பத்தான் குடுப்பே?’ என்று கத்தல். பம்பாயை நான் என்னமோ இடுப்பில் முடிந்து வைத்திருப்பது போல.

சூபர்வைசர் மிஸஸ் பிண்டோ மறுபடி அதே பாட்டு. லைனில் கேட்பது காதோடு சரி. யாரோடும் சொந்தப் பேச்சு கூடாது. எல்லோருக்கும் ஒரே குரல், ஒரே இங்கிலீஷ். போன மாதம் ரோஸி, லைனில் அகப்பட்ட தன் தங்கையிடம் ‘அம்மாவுக்கு எப்படிடீ இருக்கு?’ என்று ஒரு வார்த்தை கேட்டாள். வேலை போச்சு. அவள் நாற்காலியில் இப்போது புதுப் பெண், எப்போது பார்த்தாலும் தும்மல்.

ஆபீஸ் குமாஸ்தா கேட்கிறார்: ‘ஏம்மா பிலோமினா, லீவு மலை மாதிரி சேந்து கெடக்குதே, எடுக்கறதுதானே?’ எடுத்து? அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? நான் போனால் ‘வா’ என்று சொல்ல எந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

வாங்க: கறுப்பு நூல், தலைவலி மாத்திரை, செருப்புக்கு ஆணி.

5 ஆகஸ்ட், புதன்

வீட்டு வாசலில் கார். விவேக் நகர் சந்தில் கார் வந்தால் தெருவே கதவைத் திறக்கும். இறங்கியது கமலா. பத்தாவதில் எங்கள் கிளாஸ் லீடர், இப்போது பழைய மாணவியர் சங்கத்துக்குச் செயலாளர். மல்லேஸ்வரத்தில் வீடு, புருஷன் எஞ்சினியர், வீட்டில் போன். அன்றைக்கு டஸ்டரால் மேஜையைத் தட்டிக்கொண்டு நின்றவள் இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறாள்.

‘பதினாறாந்தேதி ஞாயித்துக்கெழமை, ஸ்கூல் ஹால்ல. நாம வெளில வந்து பத்து வருஷம் ஆச்சுடி. நீ கண்டிப்பா வரணும். உன்கிட்ட ஒரு வேலை இருக்கு.’

வேலை இருக்கிறதாம். மற்றவர்களை வா என்று கூப்பிட்டிருப்பாள். என்னை மட்டும் வேலைக்குக் கூப்பிடுகிறாள். கோபம் வந்தது. சரி என்றுதான் சொன்னேன்.

‘யார் யாருடி வராங்க?’ என்று கேட்டேன். ‘நாக்பூர்ல இருக்காளே, நம்ம சரோஜா, அவ அல்சூருக்கு அண்ணா ஆத்துக்கு வராளாம். அவளையும் இழுத்துண்டு வந்துடறேன்’ என்றாள்.

சரோ! காபி மடியில் சிந்தியது. அண்ணி பார்த்துவிட்டாள்.

7 ஆகஸ்ட், வெள்ளி

வெயில். காலை டூட்டி.

எழுதவே கூடாது. ஆனால் யாரிடம் சொல்ல? இந்த நோட்டுக்குத்தான் வாய் கிடையாது.

மல்லேஸ்வரத்திலிருந்து நாக்பூருக்கு ஒரு கால். நம்பரைப் பார்த்ததுமே தெரிந்தது, கமலா வீடு. என் போர்டுக்குத்தான் வந்தது. மெட்ராஸ் பிடித்து, நாக்பூர் பிடித்து, ‘ஸ்பீக் ஆன் ப்ளீஸ்’ சொன்னேன். கமலாவுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் இல்லை.

அந்தப் பக்கம் இரைச்சலுக்கு நடுவில் சரோ. கொஞ்சம் மூக்கால் பேசுவாளே, அதே. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலகிவிட வேண்டும். விலகவில்லை. சேசுவே, மன்னியும்.

எந்த ரயில், எந்தப் புடவை, யாருக்கு எத்தனை குழந்தை. கமலாவின் பேச்சே முக்கால்வாசி. கடைசியில் சரோ கேட்டாள்: ‘பிலோ வராளா? அவ வந்தா நல்லது. அவகிட்ட நான் ஒண்ணு...’

மூன்று நிமிடம் ஆகிவிட்டது, ஒரு காலுக்கு அவ்வளவுதான், மேலே பேசினால் தனிக் காசு. மிஸஸ் பிண்டோ என் முதுகுக்குப் பின்னால், கண் கடிகாரத்தில். என் வாய் தானாகச் சொன்னது: ‘த்ரீ மினிட்ஸ் ஓவர். எக்ஸ்டென்ஷன் ப்ளீஸ்?’

‘நோ, தேங்க்யூ ஆபரேட்டர்’ என்றாள் கமலா. அவ்வளவுதான்.

அவகிட்ட நான் ஒண்ணு. என்ன ஒண்ணு? சொல்லணுமா, கேக்கணுமா, குடுக்கணுமா? என் பேரைச் சொல்லி ஒருத்தி பேச ஆரம்பித்தாள், வாயைப் பொத்தியது நான். எனக்கே சிரிப்பு வருகிறது. பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதேன். தலைவலி மாத்திரை ஒன்று.

9 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் பூசை. பிரசங்கம் காதில் விழவில்லை. ‘ஒண்ணு’ மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம், சரோவும் நானும். சரோவுக்குப் புத்தகத்தைக் கண்டாலே தூக்கம். ‘நீ படிடி, நான் கேக்கறேன்’ என்பாள். சரித்திரம், பூகோளம் எல்லாம் நான் சத்தமாக வாசித்ததைக் கேட்டே பாஸ் செய்தாள். என்னைவிட மார்க் அதிகம், கழுதை. கல்யாணமாகிப் போனவள் முதல் இரண்டு வருஷம் கடிதாசி போட்டாள். முதல் குழந்தை தங்கவில்லை என்று கமலா மூலமாகத்தான் கேள்வி. என்ன எழுதுவது என்று தெரியாமல் நானும் எழுதவில்லை, அவளும் விட்டுவிட்டாள்.

மீட்டிங்கில் நேரே போய்க் கேட்டால் என்ன? ‘என்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு சொன்னியே?’ உனக்கு எப்படித் தெரியும் என்பாள். லைனில் ஒட்டுக் கேட்டேன் என்று சொல்லவா? கமலா காதுக்குப் போனால் எஞ்சினியர் காதுக்குப் போகும், அவர் மூலமாக எக்ஸ்சேஞ்சுக்கு, அப்புறம் ரோஸிக்குத் துணையாக நானும் தெருவில். அவளாகச் சொன்னால்தான் உண்டு.

அண்ணன் சாப்பிடும்போது: ‘பிலோ, ஒரு எடம் வந்திருக்கு. ரெண்டாந்தாரம். யோசி.’ யோசிக்கிறேன் என்றேன். கறி நன்றாக இருந்தது.

14 ஆகஸ்ட், வெள்ளி

ஞாயிறு டூட்டியைத் தெரசாவோடு மாற்றிக்கொண்டேன். பதிலுக்கு அவளுக்கு இரண்டு ஞாயிறு. கொள்ளைக்காரி.

நீலப் புடவையா, மாம்பழக் கலரா? நீலத்தில் ஓரம் கிழிசல். மாம்பழக் கலர் கட்டினால் நான் தெரிய மாட்டேன், புடவைதான் தெரியும். நீலமே. ஓரத்தைத் தைத்தேன். கறுப்பு நூல்தான் இருந்தது.

நாளை மாதா திருநாள். சுதந்திர தினக் கொடியேற்றமும் நாளைக்கே. கோயிலில் ஒரு கொடி, மைதானத்தில் ஒரு கொடி, அண்ணன் பிள்ளைகளுக்கு இரண்டு இடத்திலும் மிட்டாய்.

16 ஆகஸ்ட், ஞாயிறு

போய் வந்தேன். கால் வலி. வரிசையாக எழுதத் தோன்றவில்லை, வந்தபடி.

சங்கத்தில் ஒரு வழக்கம், அவரவர் பழைய பெஞ்சில்தான் உட்கார வேண்டும். லலிதா நுழைய முடியாமல் மாட்டிக்கொண்டாள், நாலு பேர் பிடித்து இழுத்தோம். சிரித்துச் சிரித்து வயிறு புண். அந்த ஐந்து நிமிஷம் நிஜமாகவே நன்றாக இருந்தது.

சரோ வந்தாள். வயிறு தெரிகிறது, ஆறு மாதம் இருக்கும். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுப்பு. பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தவள் ரொம்ப நேரம் விடவில்லை.

‘ஏதாவது பேசுடி. உன் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு! எந்த மூலைல கேட்டாலும் கண்டுபிடிச்சிடுவேன் தெரியுமா?’

பத்து நாளுக்கு முன்னால்தான் லைனில் கேட்டாள், கண்டுபிடிக்கவில்லை. ‘ஆமாமா, கண்டுபிடிப்பே’ என்றேன். சிரித்தாள், நானும் சிரித்தேன்.

கமலா எழுந்து அறிக்கை வாசித்தாள். கடைசியில் என்னைக் காட்டி, ‘நம்ம பிலோமினா டிரங்க் எக்ஸ்சேஞ்ச்ல இருக்கா. இனிமே சங்கத்துக்கு லைனெல்லாம் சட்டுனு போட்டுக் குடுத்துடுவா!’ கைதட்டல். எனக்கு இருந்த வேலை இதுதான்.

அப்புறம் மொய்த்துக்கொண்டார்கள். ‘என் தம்பி டெல்லில இருக்கான் பிலோ...’, ‘எங்க மாமனாருக்குக் கல்கத்தா...’, ‘ராங் நம்பரே குடுக்கறாங்களே, நீதானா அது?’ எப்படி இருக்கிறாய் என்று ஒருத்தி கேட்கவில்லை. இல்லை, லலிதா கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை, போண்டா வந்துவிட்டது.

சரோ தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவளையே பார்த்தேன். சொல்லு, சொல்லித் தொலையேன்.

கேட் வரைக்கும் கூடவே வந்தாள். ‘உனக்கென்னடி பிலோ, வேலை, சம்பளம், வீடு நெறைய ஆளுங்க. குடுத்து வச்சவ’ என்றாள். குடுத்து வச்சவளாம்! நான் அவளைப் பார்த்துத்தான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். ‘பிலோ...’ என்று ஆரம்பித்தாள். அவள் அண்ணன் அனுப்பிய ஜட்கா வண்டி வந்து நின்றது. ‘ஒண்ணுமில்ல. ஒடம்ப பாத்துக்க.’

ஜட்கா திரும்பும்வரை நின்றேன். பஸ் இல்லை. நடந்தே வீடு.

மீதி போண்டா இரண்டு, பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தேன். கேட்காமலே அண்ணி ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

18 ஆகஸ்ட், செவ்வாய்

மழை. புதுப் பெண் தும்மல். சரோ இந்நேரம் ரயிலில்.

‘ஒண்ணு’ என்பது ஒன்றுமில்லாமலே இருந்திருக்கும். குழந்தைச் சட்டை தைத்துத் தரச் சொல்வது மாதிரி ஏதாவது. அல்லது அவளுக்கும் லைன்தான் வேண்டியிருந்ததோ என்னவோ. அப்படி இருக்கக் கூடாது, மாதாவே. மற்றவர்கள் எப்படியும் போகட்டும்.

ரெண்டாந்தாரத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணி பாத்திரங்களோடு பேசினாள், நன்றாக உரக்க.

21 ஆகஸ்ட், வெள்ளி

காலை வெயில், பகலுக்குமேல் மூட்டம். மதிய டூட்டி.

கமலா வீட்டு நம்பர். நாக்பூர். மறுபடி என் போர்டு.

பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிடலாமா என்று நினைத்தேன். அவள் தும்மிக்கொண்டிருந்தாள். ‘ஸ்பீக் ஆன் ப்ளீஸ்.’

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா, சேர்ந்தேன். அப்புறம் கமலா: ‘பிரசவத்துக்கு உங்க அண்ணி கூப்பிட்டாளோ இல்லியோ?’

‘வாயே தெறக்கல கமலா. அம்மா இருந்தா கேக்கவே வேணாம். இவர் மாசத்துல பாதி நாள் டூர். பக்கத்து வீட்டுக்காரங்க பாஷை எனக்குப் புரியல. போன தடவ மாதிரி ஆயிடுமோன்னு பயந்து பயந்தே சாவறேன்.’

‘யாரையாவது துணைக்கு வச்சுக்கோயேன்டி.’

‘பிலோவைக் கேக்கலாம்னுதான் வந்தேன். அவகிட்ட ஒண்ணு கேக்கணும்னு அன்னிக்கே சொல்ல வந்தேனே. ரெண்டு மாசம் வந்து என்கூட இருடின்னு கேக்கணும். சும்மா பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருந்தா போதும். கேட் வரைக்கும் வந்தேன், வாய் வரல. எல்லாரும் அவள சுத்தி நின்னுக்கிட்டு அது பண்ணு, இது பண்ணுங்கறாங்க. நானும் போய் ஒண்ணு கேக்கறதா? அவளுக்குன்னு ஒரு...’

கடிகாரம். மூன்று நிமிடம். எதிர் நாற்காலியில் மிஸஸ் பிண்டோ, கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டு.

‘த்ரீ மினிட்ஸ் ஓவர். எக்ஸ்டென்ஷன் ப்ளீஸ்?’

‘நோ, தேங்க்யூ ஆப...’

‘சரோ, நான் வரேன்.’

சத்தமாகவே சொல்லிவிட்டேன். சரித்திரம் வாசிப்பேனே, அந்தக் குரலில். போர்டு பூராவும் அமைதி, தும்மல்கூட இல்லை. கமலா, ‘ஹலோ, ஹலோ, யாரது?’ என்று கத்துகிறாள்.

நாக்பூரிலிருந்து, ‘பிலோ’ என்றாள் சரோ. யாரு என்று கேட்கவில்லை.

‘வரேன்டி. அழாதே’ என்றேன். அழுகிறாளா சிரிக்கிறாளா, இரைச்சலில் சரியாகத் தெரியவில்லை. லைனைத் துண்டித்தேன்.

மிஸஸ் பிண்டோ எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். ‘பிலோமினா! இப்ப லைன்ல என்ன பேசினே நீ?’

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

‘லீவு வேணும் மேடம்’ என்றேன். ‘இருக்கற லீவு மொத்தமும்.’