டெக்லன் கல்லுக்கு அடியில் ஒரு கார்டிகன்

ஜூலை 18, சனி

யால் என்கிற கடலோர ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஆங்கிலத்தில் ஏழு எழுத்தில் எழுதி, ஒரே மூச்சில் 'யால்' என்று முடித்துவிடுகிற ஊர். இங்கே எது நேராக இருக்கப்போகிறது? மழை வேறு. வழக்கமாக விடுமுறைக்கு எங்கே போவது என்று நான்தான் சொல்வேன். இந்த முறை "யால் போகலாம்" என்று என் கணவர் ஃபின்பார் சொன்னார். ஏன்?

எங்கள் ஊர் கார்க்கிலிருந்து முக்கால் மணி நேரம் ஓட்டியதற்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய இடுப்பு.

விடுமுறைக்கு எடுத்த வீட்டின் சொந்தக்காரி திருமதி ட்வோமி சாவியைக் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கார்டிகன் ரொம்ப நல்லாருக்கே!" மாமியார் பின்னியது என்றேன். மீதியைச் சொல்லவில்லை.

மீதி இதுதான். ஒன்பது வருடம் முன்பு, மாமியாரை அடக்கம் செய்த அன்று இதே மாதிரி மழை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய பொத்தான் வைத்த இந்த நீலக் கம்பளிக் கார்டிகனை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நாத்தனார் நோரீன் எல்லார் முன்னாலும், "அது எனக்குன்னு அம்மா சொல்லி வெச்சது" என்றாள். எனக்குத்தான் நாக்கு நீளமாயிற்றே. "உனக்கா? இன்னொரு ஆள் வந்தாத்தான் இது நிரம்பும்!" சாண்ட்விச்சும் கையுமாக நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். இரண்டு வருடம் அம்மாவுக்குப் பணிவிடை செய்து தீக்குச்சியாக இளைத்திருந்தாள் அவள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் வாசலை அவள் மிதிக்கவில்லை.

நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கார்டிகன் கதகதப்பாக இருக்கிறது, அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

ஜூலை 19, ஞாயிறு

காலை ஏழுக்கே ஃபின்பார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு "கடலுக்குப் போறேன்" என்றார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் குளியல்தொட்டியைத் தவிர, முழங்காலுக்கு மேல் தண்ணீரைக் கண்டிராத மனிதர்! ஒன்பதரைக்குத் திரும்பினார். துண்டு காய்ந்திருந்தது. தலையும்.

ஜூலை 20, திங்கள்

இன்று துண்டு ஈரம். மோந்து பார்த்தேன். உப்பு வாசனையே இல்லை. குழாய்த் தண்ணீர்.

ஜூலை 21, செவ்வாய்

காலைத் தட்டில் சாசேஜ், முட்டை, பிளாக் புட்டிங் (பன்றி ரத்தத்தில் செய்கிற சாசேஜ்). "பசிக்கல, பெர்னி." தனக்கு உயிரான பிளாக் புட்டிங்கை வேண்டாம் என்கிறார்! ஸ்வெட்டரில் ரொட்டித்தூள். நாக்கில் வைத்துப் பார்த்தேன் (ஆமாம், அந்த அளவுக்கு வந்துவிட்டேன்). சீமைச் சோம்பு போட்ட ரொட்டி. நான் சோம்பு போடுவதில்லை. எங்கேயோ தின்ற ருசி — எங்கே?

மாலை திருமதி ட்வோமி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரரைக் கலங்கரை விளக்கத்துக்கிட்ட பாத்தேன். கூட ஒரு பொம்பளை. நான் ஒண்ணும் சொல்லலை, ஆமா."

சொல்லவில்லையாம்.

ஜூலை 22, புதன்

பின்தொடர்ந்தேன். மழையில் கறுப்புக் கண்ணாடி. ஊரே என்னைத்தான் பார்த்தது.

பெஞ்சில் இருவரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் தலையில் ஸ்கார்ஃப், முதுகு மட்டும் தெரிந்தது. நடுவில் டீ பிளாஸ்க். அவள் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார் — தோள் குலுங்க. யாருடி அவ? அப்படி என்னத்த சொன்னா? என் பேச்சுக்கு இந்த மனுஷன் கடைசியா எப்ப அப்படிச் சிரிச்சாரு?

வீட்டுக்கு வந்து, இரண்டு பேருக்குப் பதினோரு உருளைக்கிழங்கு உரித்தேன். இருபத்தாறு வருடம். அது போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்? ஜோக்குகள்தான். கேட்க ஆளில்லாத ஜோக்குகள்.

ஜூலை 23, வியாழன்

அவர் குட்டை உடைக்க வழி கண்டுபிடித்துவிட்டேன். நாளை பக்கத்து ஊர் ஆர்ட்மோரில் புனித டெக்லன் விழா. கடற்கரையில் இரண்டு பாறைமேல் கிடக்கிற டெக்லன் கல்லுக்கு அடியில் தவழ்ந்து போனால் முதுகுவலி போகும். ஆனால் பாவம் செய்தவரையும், அடுத்தவர் பொருளைப் போட்டிருப்பவரையும் கல் விடாது. சிறு வயதிலிருந்து எல்லாரும் சொல்லக் கேட்டதுதான்.

"உங்க இடுப்புக்கு நல்லது" என்றேன், தேனொழுக.

"நீயும் வருவியா?"

"வராம?"

உடனே ஒத்துக்கொண்டார். அதுவே சந்தேகம்.

ஜூலை 24, வெள்ளி

கடல் உள்வாங்கியிருந்தது. வரிசையில் நின்றவர்களை நான் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். ஃபின்பார் குப்புறப் படுத்தார்; விலாங்கு மாதிரி வழுக்கி அந்தப் பக்கம் எழுந்தார். மூக்கில் மணல். பாவமே இல்லை! ஏமாற்றமாக இருந்தது.

"இப்ப நீ, பெர்னி."

இத்தனை பேச்சுப் பேசிவிட்டுப் பின்வாங்க முடியுமா? தலை போனது. தோள் போனது. அப்புறம் முதுகில் ஏதோ பிடித்து இழுத்தது. கம்பளி பாறையில் மாட்டிக்கொண்டுவிட்டது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

"டிராக்டர் கொண்டாரட்டுமா?" என்று ஒருவன் கத்தினான். அவன் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"அடுத்தவங்க சாமானைப் போட்டிருந்தா விடாதும்மா கல்லு!" என்றது ஒரு கிழக்குரல்.

அப்புறம் என் தலைக்கு நேர் மேலே, ஒன்பது வருடமாகக் கேட்காத குரல்:

"அதைக் கழட்டுங்க, அண்ணி."

நோரீன். அந்த ஸ்கார்ஃப். சோம்பு ரொட்டி — மாமியாரின் கைப்பக்குவம்! எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. புத்தி வருவதற்கு நல்ல இடம் பார்த்தேன்.

"கழட்டினா குளிருமே" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ஒன்பது வருஷமா எனக்குக் குளிரலையா?"

பொத்தான் பொத்தானாகக் கழற்றினேன். வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நோரீன் ஈஸ்டரிலிருந்து யாலில் ஒரு டீக்கடையில் சமையல் செய்கிறாளாம். விழாவுக்கு அவளை வரச் சொன்னதும் ஃபின்பார்தானாம். "ஏன் மறைச்சீங்க?" என்று காரில் ஃபின்பாரைக் கேட்டேன்.

"சொல்லியிருந்தா, அவளைப் பாத்ததும் ஏதாவது ஜோக் அடிச்சிருப்ப. மறுபடி போயிருப்பா."



ஜூலை 25, சனி

கார்டிகனை அலசிக் காயவைத்தேன். முதுகில் கிழிசல், நீல நூல் கிடைக்கவில்லை, பச்சையில் தைத்தேன். "இது உன்னோடது. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று, சாயங்காலம் சாப்பிட வந்த நோரீன் கையில் கொடுத்தேன். வாங்கி, அங்கேயே போட்டுக்கொண்டாள். தொளதொளவென்று தொங்கியது. கைவிரல் தெரியவில்லை. ஜோக் நாக்கு நுனிவரை வந்தது — ஒரு முழு உருளைக்கிழங்கை வாயில் போட்டு அடைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு மூவரும் கடலோரம் நடந்தோம். நல்ல காற்று. எனக்கு மெல்லிய சட்டை. நோரீன் என்னைப் பார்த்தாள். பிறகு கார்டிகனின் ஒரு பக்கத்தைச் சிறகு மாதிரி விரித்தாள்.

"வாங்க அண்ணி. இன்னொரு ஆள் வந்தாத்தானே இது நிரம்பும்?"

பின்னால் ஃபின்பார் தோள் குலுங்கச் சிரித்தார். ஜோக் என்னுடையதுதான்.