மூன்றாவது வீட்டுக் கதவு

கண்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளத்தில் வீடிழந்தவர்களின் பட்டியலை மாதா கோயில் சுவாமி ஞாயிறு பூசைக்குப் பின் வாசித்தார். மூன்றாவதாக உன் வீடு. மறு திங்கட்கிழமை எங்கள் கோயிலிலிருந்து பன்னிரண்டு பேர் கம்பளைக்கு வருகிறோம். சுவர் எழுப்ப ஆள் இருக்கிறது; தச்சன் நான் ஒருவன்தான். அதனால்தான் வருகிறேன், வேறொன்றும் நினைக்காதே.

ஏழு வீட்டுக்கும் கதவுகளை இங்கேயே செய்து ரயிலில் ஏற்றுகிறோம். ஆறு முடிந்துவிட்டன; உன் வீட்டுக் கதவுதான் பாக்கி. மரம் போதாததால் எல்லாம் ஐந்தரை அடிதான்.

நேற்று உன் அம்மா தேத்தண்ணியோடு பட்டறைக்கு வந்து, "மருமகன் எவ்வளவு ஒசரம்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். நான் இழைப்புளியைக் கீழே வைக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? நாலு வருஷத்துக்கு முன் அவர் நம் வாசலில் வந்து நின்றபோது, முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்தியவன் நான்.

நம் அலுமாரியின் பலகைகளைக் கழற்றி வைத்திருக்கிறேன். உயரமாகவே செய்யலாம்.

மறு தபாலில் அவருடைய அளவை எழுது. தன் வீட்டுக்குள் அவர் தலை குனிந்து நுழையக் கூடாது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா