இலை மறைக்கிறது

7 மார்ச் 2004, ஞாயிறு

மிஷன் வீதி ஸ்டுடியோ மாடியில் புகைப்படக் குழுவின் மாதக் கூட்டம். பெயர் போடாமல் படங்களைச் சுவரில் குத்துவார்கள். எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. அதுதான் வழக்கம்.

என்னுடையது நோணாங்குப்பம் உப்பங்கழியில் எடுத்த மீன்கொத்தி. மூன்று ஞாயிறு வெயிலில் காய்ந்து எடுத்தது. பலராமன், வங்கி அதிகாரி, முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பவர், பார்த்ததுமே சொன்னார்: "இலை மறைக்குது. இவரு பறவையக் காட்றாரா, செடியக் காட்றாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கமலவேணி டீச்சரும் ஏதோ சொன்னார். நின்றபடி எடுத்தது தெரிகிறது, குனிந்து தண்ணீர் மட்டத்துக்கு வந்திருந்தால் இலை தானாக விலகியிருக்கும் என்று. யார் காதில் விழுந்தது? எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

8 மார்ச்

நான் வேலை பார்க்கும் பள்ளி ஆய்வகத்தில் இரண்டு பீக்கர் உடைந்தன. இரண்டும் என் கையால்.

21 மார்ச்

மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் ஒரு நுணா மரம். அதில் தையல்சிட்டு இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறது. உள்ளே மூன்று குஞ்சுகள், இன்னும் கண் திறக்கவில்லை. மேலே ஒரு பெரிய இலை கூரை மாதிரி கவிந்திருக்கிறது. இரண்டடி தள்ளி நின்றால் கூடு இருப்பதே தெரியாது.

அடுத்த கூட்டத்துக்கு இதுதான். பலராமன் வாயை அடைக்க வேண்டும்.

28 மார்ச், ஞாயிறு

காலையிலிருந்து அரை ரோல் தீர்ந்தது. எல்லாவற்றிலும் அந்த இலை. குனிந்து பார்க்கலாம்தான் — மனை முழுக்கக் கருவேல முள். முட்டி போட யாரால் முடியும்?

கத்தரிக்கோல் எடுத்து வந்தேன். ஒரே ஒரு இலை. மரத்தில் ஆயிரம் இருக்கிறது.

தாய் வந்தது. மூன்று வாயும் ஒன்றாகத் திறந்தன, வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது. கை நடுங்காமல் எடுத்தேன்.

29 மார்ச்

காலையில் போய்ப் பார்த்தால் கூடு கிழிந்து தொங்குகிறது. குஞ்சு ஒன்றுகூட இல்லை. மதில்மேல் காக்கா அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. தாய் கம்பிவேலியில் உட்கார்ந்து கத்துகிறது, நிறுத்தவே இல்லை.

"காக்கான்னா அப்டித்தான், வுடு துர்கா" என்கிறார் என் வீட்டுக்காரர்.

அப்படித்தானா? இத்தனை நாளும் அதே காக்காதானே சுத்திச்சு? அது கண்ணுல படவே இல்லியே. நான்தானே கூரையப் பிரிச்சேன். நான்தானே.

4 ஏப்ரல், ஞாயிறு

"இதாங்க படம். குறுக்க ஒண்ணுமில்ல, மூணு வாயும் ஷார்ப்" என்றார் பலராமன். கை தட்டினார்கள். ஆண்டுக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்தும் விட்டார்கள்.

கமலவேணி டீச்சர் மட்டும் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். "தையல்சிட்டு இப்டித் தெறந்துபோட்டுக் கட்டாதே. மேல இருந்த இலை எங்க?"

வாய் திறக்கக் கூடாது என்ற வழக்கம் இன்று எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

எடுத்தவர் பெயரைச் சொன்ன பிறகு டீச்சர் என் பக்கம் திரும்பினார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் காற்றில் ஒடிந்தது என்று சொல்லத் தயாராக இருந்தேன். சீ.

20 ஏப்ரல்

படத்துக்குக் கீழே வைக்க, எப்படி எடுத்தேன் என்று இரண்டு வரி வேண்டுமாம். மூன்று அட்டைகளைக் கிழித்துப் போட்டேன். பலராமன் போன் செய்தார்: "இன்னாங்க இவ்ளோ யோசனை? வுடுங்க, நானே எழுதிக்கறேன்."

விட்டுவிட்டேன்.

2 மே, ஞாயிறு

கண்காட்சி. என் படம் வாசலுக்கு நேரே. அட்டையில் பலராமன் கையெழுத்து: 'பொறுமைக்குக் கிடைத்த பரிசு.'

கல்லூரிப் பெண் ஒருத்தி ஆசையாகக் கேட்டாள்: "இதுக்கு எவ்ளோ நேரம் காத்துக்கிட்டிருந்தீங்க ஆண்ட்டி?"

"காத்துக்கிட்டெல்லாம் இல்லம்மா. வூட்டுக்குப் போயி கத்திரிக்கோல் எடுத்தாந்து, மேல இருந்த இலைய வெட்டிட்டேன். மறுநாளு மூணயும் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு."

பலராமன் சத்தமாகச் சிரித்தார். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். ஆட்டம் கண்ட ஸ்டூல். கமலவேணி டீச்சர் வந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டார். படத்தைக் கழற்றி அவரிடம் நீட்டினேன்.