மூன்று நாள் அளந்து பேசிய வீடு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தைய நாளே சேதி சொல்லிவிடுகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் அங்கே வயிறு வாடாமல், தூக்கம் கெடாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் மூன்றாவது நிமிஷத்தில் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, கடைசி வரிவரை படித்துத்தான் ஆக வேண்டும். இன்றைக்கு மண்டி விடுமுறை, உன் தங்கச்சி காலேஜுக்குப் போய்விட்டாள், அப்பா டிப்போவுக்குப் போய்விட்டார், வீடு அமைதியாக இருக்கிறது, என் வாயைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போச்சு என்று நீ கேட்டதற்கு அப்பா "நல்லாப் போச்சுப்பா" என்று மட்டும் சொன்னாராம். அவர் சொன்னது பொய்யில்லை, நடந்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதற்கு முன்னால் நீ எங்களுக்குப் போட்ட உத்தரவை ஒருமுறை நினைத்துப் பார். "அம்மா, அவங்க வேற மாதிரி ஆளுங்க. கொஞ்சம் பார்த்துப் பேசுங்க. அப்பா பஸ்ல கத்தற மாதிரி கத்த வேணாம். தங்கச்சிகிட்ட சொல்லுங்க, அந்த மச்சி, செம, கெத்து எல்லாம் அன்னைக்கு ஒரு நாள் வேணாம்" என்றாய். பெண் அங்கே உன்னோடு ஒரே அலுவலகத்தில் இருக்கிறாள், பெண்ணைப் பெற்றவர்கள் இங்கே வந்து நம்மைப் பெண் பார்க்கப் போகிறார்கள் என்று அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. ஆனாலும் பிள்ளை சொல்லிவிட்டானே என்று வியாழக்கிழமையே பயிற்சியை ஆரம்பித்துவிட்டோம். வாத்தியார் உன் தங்கச்சி. வாய் தவறி ஒரு வார்த்தை விட்டால் ஒரு பாத்திரம் கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டாள். முதல் நாளே உன் அப்பா குக்கர் உட்படப் பதினோரு பாத்திரம் கழுவினார். இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்து, குறுக்கே வருகிறவனையெல்லாம் வாயால் ஓரங்கட்டிய மனிதர், அவரிடம் போய் நிதானமாகப் பேசு என்றால் எங்கே போவார். இரண்டாம் நாள் பேசுவதையே நிறுத்திவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுகிறார். வாத்தியாரம்மாவே சனிக்கிழமை என் புதுப் புடவையைப் பார்த்துவிட்டு "செம" என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கி, "மிகவும் சிறப்பாக உள்ளது" என்றாள். இந்த வீட்டில் மூன்று நாள் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும், யாரோ வாடகைக்கு வந்தவர்களோடு குடியிருப்பது போல இருந்தது.

ஞாயிறு நாலு மணிக்குக் கார் நம் சந்துக்குள் நுழையாமல் முனையிலேயே நின்றுவிட்டது, மூன்று பேரும் நடந்து வந்தார்கள். பெண்ணின் அப்பா டாக்டர், உயரமாக, ஒல்லியாக, பேச்சே இல்லாத மனிதர். அவர் மனைவி நல்ல களையான முகம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்தார். அப்பா வாசலிலேயே கைகூப்பி, "வாருங்கள், தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா" என்றார். டாக்டர் ஒரு நிமிஷம் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கடைசியாகப் பெண்ணின் தம்பி வந்தான், காலேஜ் பையன், சுருட்டை முடி, நிறமெல்லாம் போன பேன்ட், முழங்காலில் கிழிசல் வேறு, புதிதாகவே அப்படித்தான் வருமாம். உள்ளே வந்ததும் சுவரில் அப்பா பஸ்ஸோடு நிற்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு, "தல, செம கெத்தா இருக்கீங்க. இந்த வண்டிய ஓட்டறதுன்னா சும்மாவா, வேற லெவல்" என்றான். அப்பாவுக்கு வாயெல்லாம் பல், ஆனால் பாத்திரத்துக்குப் பயந்து "நன்றி தம்பி" என்று நிறுத்திக்கொண்டார். உன் தங்கச்சி டீயை நீட்டி, "தாங்கள் எந்தப் பிரிவில் பயில்கிறீர்கள்" என்று கேட்டாள். அவன் "அட போங்க மச்சி, மொக்கை டிபார்ட்மென்ட்டு, கழுத்தறுப்பு" என்றான். அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். நீ வேண்டாம் என்று சொன்ன அத்தனை வார்த்தையும் காரிலிருந்து இறங்கித்தான் நம் வீட்டுக்கு வந்தது. அதிலும் மச்சி என்று பேசாதே என்று உன் தங்கச்சிக்குச் சொன்னாயே, வந்தவன் நாளைக்கு உனக்கு உண்மையாகவே மச்சான் ஆகப் போகிறவன், அவனை நீ என்ன சொல்லிக் கூப்பிடுவாய் என்று எனக்கு யோசனையாக இருக்கிறது.

டாக்டர் வீட்டம்மாவுக்கு ஒரே சங்கடம். "தப்பா நினைக்காதீங்க. நல்ல ஸ்கூல்லதான் படிச்சான். இந்தப் பேச்செல்லாம் எங்கருந்து பிடிச்சுட்டு வந்தான்னே தெரியல" என்றார். எங்கிருந்து என்று எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகத் தெரியும், மூன்று பேரும் டீயைக் குடித்தோம். பேச்சை மாற்றுவதற்காக அந்த அம்மா என்னிடம், "நீங்க வெங்காய மண்டியில மேனேஜராமே, உங்க பையன் சொன்னார்" என்றார். பெரியவனே, நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா மின்விசிறியைப் பார்த்தார். நான் தரம் பிரிக்கிற பதினாலு பெண்களுக்கு மேஸ்திரி. மேனேஜர் கண்ணாடி அறையில் இருக்கிறார், அவருக்கு மீசை இருக்கிறது. ஆனாலும் பிள்ளை சொல்லிவிட்டானே என்று ஆமாம் போலவும் இல்லை போலவும் தலையை ஆட்டி வைத்தேன்.

அதோடு போயிருக்கும். அம்மா கிள்ளிய கிள்ளில் கோபம் வந்தோ என்னவோ, அந்தப் பையன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "விடுங்க ஆன்ட்டி, நான் பக்கா பொறுக்கி, என்னை யாரும் மாத்த முடியாது" என்றான். பெருமையாகத்தான் சொன்னான், காலேஜில் அது ஒரு பட்டம் போல. என் வாய் எனக்கு முன்னால் போய்விட்டது. "இல்ல தம்பி, இந்த ரூம்ல ஒரே ஒரு பொறுக்கிதான், அது நான்" என்றேன். அவன் ஏதோ ஜோக் என்று சிரித்தான். பிறகு நான் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பாவுக்கு லாரியில் அடிபட்டு முழங்கால் உடைந்து வீட்டோடு கிடந்த வருஷம், உனக்கு இரண்டு வயது, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, மண்டியில் பெருக்குகிறவர்கள் வருவதற்குள் போய் மூட்டையிலிருந்து சிந்திக் கிடக்கிற வெங்காயத்தைப் பொறுக்குவேன். வாட்ச்மேன் தடியால் தரையைத் தட்டி, "ஏய் பொறுக்கி, அந்தப் பக்கம் போ" என்பார். திட்டுவதற்காகச் சொன்னாரோ, பார்த்ததைச் சொன்னாரோ, எட்டு மாசம் அதுதான் என் பேர். நான் பொறுக்கும்போதே பெரிசு, நடுத்தரம், பொடி என்று முந்தானையில் தனித்தனியாக முடிந்துகொள்வதைப் பார்த்துவிட்டு மண்டிக்காரர்தான் உள்ளே கூப்பிட்டுத் தரம் பிரிக்க உட்கார வைத்தார். இதையெல்லாம், நான் மேனேஜர் இல்லை, மேஸ்திரி என்பதையும் சேர்த்து, சாதாரணமாகத்தான் சொன்னேன், அழவெல்லாம் இல்லை, வெங்காயத்தோடு இருந்து இருந்து கண்ணில் அந்தச் சரக்கே தீர்ந்துவிட்டது. அந்தப் பையனுக்குக் காது இரண்டும் சிவந்துபோய், "சாரி ஆன்ட்டி, எனக்கு நிஜமாகவே தெரியாது, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை" என்றான். பார், பதறின உடனே எவ்வளவு இஸ்திரி போட்ட தமிழ் வெளியே வந்தது என்று. நான் அவன் தோளில் தட்டி, பிஸ்கட் சாப்பிடச் சொன்னேன்.

உன் தங்கச்சிக்குத்தான் பொறுக்கவில்லை. மூன்று நாள் அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. அவளுக்குப் போன மாசம் காலேஜில் இன்டர்வியூ ஒத்திகை நடந்தது, அதை உன்னிடம் அவள் சொல்லவில்லை. எல்லாம் சரியாகச் சொல்லி முடித்துவிட்டு, சந்தோஷத்தில் கூட இருந்தவளிடம் "செமயாப் போச்சுடி" என்றிருக்கிறாள். அது ஒத்திகை நடத்திய மேடம் காதில் விழுந்து, நாற்பது பேருக்கு முன்னால், "நீ எந்த ஏரியா? இப்படிப் பேசினா உன்னை ரிசப்ஷன்லகூட உட்கார வைக்க மாட்டாங்க" என்று கேட்டார்களாம். இதைச் சொல்லிவிட்டு அந்தப் பையனைப் பார்த்து, "நீங்க பேசினா ஸ்டைலு. நான் பேசினா எந்தத் தெருன்னு கேக்கறாங்க. உங்களுக்குப் பிடிக்கலைன்னா சட்டை மாதிரி கழட்டி வெச்சிடலாம், எங்களுக்கு அது தோலு" என்றாள். குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சரி, சம்பந்தம் போச்சு, பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று நான் மனசுக்குள் உனக்குக் கடிதமே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் டாக்டர் வீட்டம்மா கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. உங்க பையன் நாலு தடவை எங்க வீட்டுக்கு வந்திருக்கார். ஒரு வார்த்தை சிந்தாமப் பேசறார். சிரிக்கும்போதும் அப்படித்தான், ஒருநாள் என் பொண்ணு அவர் போனைத் தண்ணியில போட்டுட்டா, அப்பவும் 'பரவாயில்லை'ன்னு அளந்துதான் பேசினார். கோவமே தெரியாத ஆளா, இல்ல எங்ககிட்ட காட்டமாட்டேங்கறாரா? எதுன்னு தெரியாமத்தான் எனக்கு இத்தனை நாளாத் தூக்கமே இல்லை. நீங்க எப்படிப் பேசறீங்கன்னு பார்க்கவே நான் வந்தேன், நீங்க எல்லாரும் அவரைவிட மோசமாப் பேசறீங்க" என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. உனக்கு முதல் வேலை கிடைத்த அன்றைக்கு நீ சந்து முனையிலிருந்தே "பிரிச்சு மேஞ்சுட்டேன்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, குழாயடியில் நின்ற என்னைக் குடத்தோடு தூக்கிச் சுற்றினதை எழுந்து நின்று நடித்துக் காட்டினார், குடமாக நடித்தது உன் தங்கச்சி. அந்த அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "பிரிச்சு மேயறதுன்னா என்ன" என்று கேட்டார், அவர் பையனே அர்த்தம் சொன்னான், வாலைச் சுருட்டிக்கொண்டு ரொம்ப மரியாதையாக.

கிளம்பும்போது டாக்டர் என்னை ஜன்னல் பக்கம் வரச் சொல்லி, கட்டைவிரலால் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "இத்தனை வருஷ வெங்காயத் தோல் தூசி. நாளைக்கு வாங்க, மருந்து எழுதித் தர்றேன். அந்தப் பதினாலு பேரையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க" என்றார். பதினாலு பேர் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லையே என்று பார்த்தால், உன் தங்கச்சி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள், அவள்தான் அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, மண்டிக்காரர் வீட்டம்மா போன் செய்தால் என் குரலும்தான் மாறுகிறது, நீ அதைக் கேட்டு எத்தனை நாள் என்னைக் கிண்டல் செய்திருக்கிறாய். நாலு பேர் நடுவில் அவர்கள் பேச்சைப் பேசத் தெரிந்திருப்பது நல்லதுதான், அதில்தான் நீ பிழைக்கிறாய். ஆனால் என்னை மேனேஜர் ஆக்கினாயே, அது பேச்சு மாறினது இல்லை, ஆளே மாறினது. மேஸ்திரி என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருந்ததா, இல்லை என்னை அவர்கள் குறைவாக நினைத்துவிடுவார்கள் என்று பயமா? பயம் என்றால் எனக்கு வருத்தமில்லை. வெட்கம் என்றாலும் சொல்லு, கொஞ்ச நாள் வருத்தப்பட்டுவிட்டு மறந்துவிடுகிறேன்.

ஒரு விஷயம் சொல்லத்தான் இவ்வளவும். டாக்டர் வீட்டம்மா படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குச் சம்மதம். ஆனா இன்னைக்கு நீங்க சொன்னதை நான் என் பொண்ணுகிட்ட சொல்லமாட்டேன். உங்க பையனே சொல்லட்டும், அவர் சொன்னாரான்னு நான் கேக்கவும் மாட்டேன்" என்றார். அதனால் அந்தப் பெண்ணுக்கு இன்னமும் நான் மேனேஜர்தான். கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே, காபி குடிக்கிற இடத்திலோ எங்கேயோ, அவளை உட்கார வைத்துச் சொல்லிவிடு. உன் அம்மா என்ன வேலை செய்தாள், நீ அப்போது யார் இடுப்பில் இருந்தாய் என்பது வரைக்கும் சொல்லு. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு நீ சொல்ல வேண்டாம், அவளையே எனக்குப் போன் செய்யச் சொல்லு, அவள் என்னைக் கூப்பிடுகிற முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

நீயும் அவளும் நோய் நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் வாய்விட்டுப் போட்டு, நூறு வருஷம் இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளி, வெளியே சாப்பிடுவதைக் குறை. கண் மருந்து தினம் மூன்று வேளை போட்டுக்கொள்கிறேன், கவலைப்படாதே.

உன்னை இடுப்பில் சுமந்தவள்,
அம்மா
(மேஸ்திரி)