இரவில் எழுந்து சாப்பிடுகிறவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

மனநலப் பிரிவுக்கு வருகிறவர்களிடம், "ராத்திரி தூக்கம் கலைஞ்சு எழுந்து சாப்பிடுவீங்களா?" என்று கேட்டுப் படிவத்தில் எழுதுவதுதான் இப்போது என் வேலை. கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டது. இந்த வாரம் நாற்பது பேரில் ஆறு பேர் ஆமாம் என்றார்கள். அதில், நம் ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த ஒரு பஸ் டிரைவர் கண் கலங்கிவிட்டார்.

"பொண்டாட்டிக்குத் தெரியாம பத்து வருஷமா சாப்பிடுறேன். யாரும் இதைக் கேட்டதே இல்லம்மா."

"நானும்தான் சாப்பிடுறேங்க," என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த டாக்டர் அதே படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். பயப்படாதே, வியாழக்கிழமை அவரைப் பார்க்கிறேன்.

எனக்கு இரவு இரண்டு மணி என்றால் உனக்குக் காலை. சமைத்துக்கொண்டே ஒரு போன் போடு. நான் விழித்துத்தான் இருப்பேன்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்