வலமா, இடமா?

தோழி,

இன்று காலை மேஜை இழுப்பறையைத் திறந்ததும் அதே கற்பூர நெடி. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி விடுதியில் நாம் இருவரும் சேர்ந்து சீனியர் அக்காவிடம் வாங்கிய எலும்புப் பெட்டியில் இந்தத் தோள்பட்டைக் காறையெலும்பு ஒன்றுதான் மிச்சம். பூச்சி வரக்கூடாதென்று நீ கற்பூரம் போட்டு வைப்பாய். அறை கோயில்போல மணக்கும், கட்டிலடியில் மண்டையோடு சிரிக்கும்.

பள்ளியில் எப்போதும் முதலாவதாக வந்த நான் உடற்கூறியலில் தோற்றேன். அதற்குப்பின் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. தூக்கமில்லை, பசியில்லை, உடம்பு இளைத்தது. மருத்துவம் படிக்கிறவள் வேறென்ன செய்வாள்? புத்தகத்தைப் புரட்டி எனக்குக் காசநோய் என்று நானே முடிவுகட்டினேன். நீ ஸ்டெதாஸ்கோப் இரவல் வாங்கிவந்து முதுகில் வைத்துக் கேட்டாய்.

"நெஞ்சு நல்லாத்தான்டி கீது. மனசுதான் படுத்துகினு கீது. அதுக்குன்னு கீற டாக்டராண்ட போலாம், வா."

"பைத்தியம்னு சொல்லுவாங்கடி" என்று அழுதேன்.

"காலு ஒடிஞ்சா கட்டு போட்டுக்க மாட்டியா? இதுல இன்னா வெக்கம்? எய்ந்திரு!"

மெட்ராசுக்கு ரயிலில் இழுத்துக்கொண்டு போனாய். மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நாளாகும் என்றார் டாக்டர். அதுவரை தினமும் காலையில் என் போர்வைக்குள் கையை விட்டு, உள்ளங்கையில் ஓர் எலும்பை வைப்பாய்; உடம்பின் எந்தப் பக்கத்து எலும்பென்று தடவியே சொல்லவேண்டும். "வலமா, இடமா? சொல்லிட்டுத் தூங்கு." பாடம் எடுக்கமாட்டாய், புத்திமதியும் கிடையாது. அந்த ஒரு பதிலைச் சொல்வதற்காகவே கண்விழிக்கத் தொடங்கினேன்.

விடுமுறையில் மாமல்லபுரம் பக்கம் உன் குப்பத்துக்கே கூட்டிப்போனாய். உன் அம்மா தட்டில் குழம்பு மீனை வைத்தார். "எலும்பு படிக்கிற பொண்ணாமே நீ? மொதல்ல இந்த முள்ள எட்த்துட்டுத் துன்னு!" கரையில் நீ இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தால் அலைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். எனக்கும் கற்றுத்தந்தாய். வெறும் காற்றுதான் வந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மாதக்கணக்கில் சிரிக்காத நானும் சிரித்தேன்.

மறுதேர்வில், துணிக்கடியில் ஓர் எலும்பை வைத்துத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னார் தேர்வாளர். "இடப்பக்கக் காறையெலும்பு, சார்." துருவித் துருவிக் கேட்டார். விட்டேனா நான்! வெளியே வந்த என் முகத்தைப் பார்த்ததுமே வராந்தாவில் நின்ற நீ அடித்த விசிலில் பேராசிரியர்களெல்லாம் எட்டிப்பார்த்தார்கள். எனக்கோ வானமே கைக்கு எட்டியதுபோல் இருந்தது.

நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. நான் மனநல மருத்துவராகி முடி நரைத்தும் நாளாகிவிட்டது. மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இப்போதும் உடம்பில் ஏதோ பெரிய நோய் என்று பயந்துகொண்டுதான் வருகிறார்கள். மருந்து எழுதுகிறேன். நம் எலும்பையும் அவர்கள் கையில் வைத்து, உன் கேள்வியைக் கேட்கிறேன்.

படிப்பே வேண்டாமென்று கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த படூர்ப் பெண் ஒருத்தி இன்று, "பாஸ் பண்ணிட்டேன் மேடம்!" என்று ஓடிவந்தாள். எலும்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினேன். இந்த வயதிலும் காற்றுதானடி வருகிறது!

"அப்டி இல்ல மேடம், இப்டி" என்று சொல்லி, அவள் அடித்தாள் பார் ஒரு விசில். வெளியே காத்திருந்த கூட்டமே எழுந்து நின்றுவிட்டது.