பச்சையில் சேராத ஊர்கள்

ஞாயிறு, யூலை 13. ஓல்டன், சுவிஸ்

வெயில். காற்றாடி பழுது. ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், மூடினால் வேக்காடு.

வரைபடம் முடிந்தது. இலங்கையில் வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் ஊர்கள், காடு, களப்பு என்கிற காயல். தமிழ் ஊர்கள் என்று எல்லாவற்றுக்கும் பச்சை. பீலில் என் அலுவலகத்தில் நில அளவை வரைவதற்குச் சம்பளம் உண்டு. இது தோழி அபிராவுக்காகச் சும்மா. அவள் பேர்ணில் சட்டம் படிக்கிறாள். அவளும் வகுப்பு ஆட்களும் பழங்குடிகளுக்கு இலவசமாக மனு எழுதிக் கொடுக்கிறார்கள்.

அந்த ஊர்களின் சங்கச் செயலாளர் செல்வராணி அக்கா வந்திருக்கிறா. வியாழன் ஜெனீவாவில் பழங்குடி உரிமைக் கூட்டத்தில் பேசுவா. கோரிக்கை ஒன்றுதான்: எங்களைக் கேட்காமல் எங்கள் காட்டுக்கும் களப்புக்கும் தடை போடாதே. மனுவோடு என் வரைபடமும் போகும்.

அப்பா பின்னால் நின்று பார்த்தார்.

"பச்சை எல்லாம் எங்கட ஆக்களோ?"

"ஓம்."

"நல்லா வந்திருக்கு."

அப்பா பாராட்டுவது அபூர்வம்.

திங்கள், 14. பேர்ண்

இரண்டு நாள் லீவு எடுத்தேன். அபிராவின் குழு அறையில் பெரிய திரையில் வரைபடம். செல்வராணி அக்கா, யாரோ கொடுத்த குளிர் ஜாக்கெட்டோடு. இந்த வெயிலில். திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தா.

"எங்கட ஊர் எங்க தம்பி?"

காட்டினேன்.

"இதத் தமிழ் ஊர் எண்டெல்லா போட்டிரிக்கிங்க."

"நீங்கள் தமிழ்தானே கதைக்கிறியள், அக்கா."

"நீங்களும் ஜெர்மன் கதைக்கிறிங்க. நீங்க ஜெர்மன்காரனா?"

அபிரா சிரித்தாள். எனக்குக் கோபம். நான் எடுத்த தரவில் வேடர் என்று தனிப் பிரிவே இல்லை என்றேன்.

"இல்லாததாலதானே இவ்வளவு தூரம் வந்திரிக்கன்."

இந்தப் படத்தோடு பேசமாட்டேன் என்றுவிட்டா. அபிரா என்னை வெளியே கூட்டிப்போய்த் திட்டினாள். "உன்ர பச்சையைக் காட்டியே, இங்க பழங்குடி எண்டு ஒருத்தரும் இல்லை எண்டு அரசாங்க ஆக்கள் சொல்லுவாங்கள். மனு அதோட முடிஞ்சுது." மனு கொடுக்கப் புதன் கடைசி நாள்.

ரயிலில் யோசனை. சின்ன வயதிலிருந்து மண்டபம் மண்டபமாகத் தமிழருக்குச் சுயநிர்ணயம் கேட்டு வளர்ந்தவன். நாங்கள் யார் என்பதை நாங்கள்தான் சொல்வோம் என்று நானே வெள்ளைச் சட்டையோடு மைக்கில் பேசிப் பரிசும் வாங்கியவன். பச்சையை ஊற்றும்போது அது ஞாபகம் வரவில்லை. ஒரு கிளிக். அவ்வளவுதான்.

செவ்வாய், 15. பேர்ண்

சரி, வேறு நிறம். எல்லை எங்கே என்று கேட்டேன்.

"அத நான் தனியாச் சொல்லேலா. ஊர்ல கேக்கணும்."

போன் போட்டா. தலைவர் களப்பில். சில பெண்கள் காட்டில். எல்லாரும் வந்து உட்காரும்வரை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்களாம்.

காத்திருப்பு. செய்தவை: கோப்புகளுக்குப் பெயர் திருத்தம். கோப்பி, திரும்பக் கோப்பி. அபிராவோடு சண்டை.

"நாளைக்குக் குடுக்கோணும். இப்பிடி இருந்தா எப்ப முடிக்கிறது?"

"இதைத்தான் ஒரு செமஸ்டர் முழுக்கப் படிச்சனாங்கள். முதல்லயே சம்மதம் கேக்கிறது. எனக்கு நல்ல மார்க்கும் வந்தது. ஆனா எங்கட வகுப்பில ஒருத்தரும் இப்பிடி இருந்து பார்க்கேல்லை."

பின்னேரம் வீடியோ வந்தது. ஒரு கூட்டம், ஒரு கோழி. முடிவு: கோடு வேண்டாம். பக்கத்துத் தமிழ் ஊர்க்காரரும் அதே களப்பில்தான் மீன் பிடிக்கிறார்கள், அவர்களோடு சண்டைக்குப் போகமுடியாது. ஓரம் மங்கிக் கரைய வேண்டும். கும்பிடும் இடங்களை வெளியாருக்குக் காட்டுவதில்லையாம்; அங்கே நான் வைத்த புள்ளிகளை அழிக்க வேண்டும். ஊர்ப்பெயருக்குக் கீழே 'வேடர்' என்று எழுத வேண்டும். நிறம்: தேன்.

எந்தத் தேன் என்பதில் அங்கே பெரிய வாக்குவாதம்.

"அந்தப் பொடியன் தேனக் கண்டிரிப்பானா கா?" என்று ஒரு பெண் அக்காவைக் கேட்டா.

சமையலறையில் கிடந்த சூப்பர்மார்க்கெட் போத்தலைக் கமராவில் காட்டினேன். கூட்டமே சிரித்தது.

"தம்பி, அது சீனிப்பாகு."

நிறத்தில் கறுப்பைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம். ஓம் என்றார்கள்.

மங்கிய எல்லை. பீலில் இப்படி வரைந்தால் வேலை போகும். இங்கே இதுதான் சரி. எரிச்சலாக இருக்கிறது, ஆனால் சரி.

புதன், 16

வேலை. மதியம் அபிராவிடமிருந்து ஒரு வரி: கொடுத்தாச்சு.

வியாழன், 17. ஜெனீவா

திரும்ப லீவு. மேலாளர் முகம் சரியில்லை.

பெரிய மண்டபம், ஏசிக் குளிர். ஜாக்கெட்டின் அர்த்தம் இப்போது புரிந்தது. செல்வராணி அக்கா தமிழில் தொடங்கினா: "நாங்க தமிழ் பேசுற வேடர். இந்தப் படத்த எங்கட ஊர் பாத்துச் சரி சொன்னது." மிச்சத்தை அபிரா ஆங்கிலத்தில் வாசித்தாள்.

முடிவு ஒன்றும் இன்று வராது. ஆனால் மனு பதிவாகிவிட்டது, அவர்கள் பெயரில். வேறொரு நாட்டுப் பழங்குடி ஆள் வந்து, அந்த ஓரத்தை எப்படி மங்கச் செய்தாய் என்று கேட்டார். செய்முறையை அனுப்பலாமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டு அனுப்பினேன்.

அபிராவின் பேராசிரியை, வருகிற செமஸ்டரில் ஊரிலிருந்தே வீடியோவில் வகுப்பு எடுக்க முடியுமா என்று அக்காவைக் கேட்டா.

"ஊர்ல கேட்டுச் சொல்றன்."

பேராசிரியை தலையாட்டினா. காத்திருக்கட்டும்.

ரயிலில் அப்பாவின் போன்.

"பச்சை வடிவா வந்ததோ?"

"அவையின்ர ஊர்கள் பச்சையில இல்லை, அப்பா. தேன் நிறம்."

"ஏன், அவையும் எங்கட ஆக்கள்தானே. வேற எண்டு ஆர் சொன்னது?"

"அவைதான்."

அப்பா அங்கே டிவிச் சத்தத்தைக் குறைத்தார். எனக்கு வெளியே ஏரி.

"அது சரி," என்றார். "அவைதான் சொல்லோணும்." பிறகு, "வரேக்க பேக்கரியில பாண் வாங்கிக்கொண்டு வா."